எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, பார்க்கிங், மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். பத்தே நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் நெடுநாள் பாடம் நடத்தியவள் என்பதால், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எத்தனை மணிக்கு எழுந்து படிக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றி இருக்கும் நம்மைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கமிட்டியின் முன்னால் இப்போது இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, ஆண்டு விழாவில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்களுக்குக் கேடயம் கொடுத்து, எல்லோருடைய மார்க்கையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. மற்றொன்று, நம்மிடம் வேலை பார்க்கும் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களின் பிள்ளைகளையும் சேர்த்து கம்யூனிட்டி ஹாலில் மாலை வகுப்பு நடத்துவது. இரண்டுமே நல்ல மனதோடு எடுத்த யோசனைகள். நடத்தும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. சமூக உளவியல் ஆய்வுகள் சில இதற்கு வழி காட்டுகின்றன.

முதலில் பாராட்டு. 1998இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம், "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்கள். வேறு சிலரிடம், "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்து யாராலும் எளிதில் போட முடியாத கடினமான புதிர்கள் வந்தன. அதற்குப் பிறகு மறுபடி சுலபமானவை. கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரர் பட்டம் பெற்றவர்களில் பத்தில் நான்கு பேர்வரை கூட்டி எழுதினார்கள். பட்டம் கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்றும் கவலையும் வந்துவிடுகிறது.

இரண்டாவது, நம் நாட்டிலேயே நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் 642 மாணவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். பாதிப் பேர் மேல்சாதி எனப்படுகிற வீட்டுப் பையன்கள், பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரு தரப்பும் சமமாகவே செய்தார்கள். கூடியிருந்தவர்கள் முன்னால் ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் சொன்ன பிறகு, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையன்கள் பின்தங்கினார்கள். புதிர் மாறவில்லை, சரியாக முடித்தால் கிடைக்கும் பணமும் உண்டு. நமக்கு இங்கே நியாயம் கிடைக்காது என்ற எண்ணம் வந்துவிட்டால் கை தளர்ந்துவிடும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். 2004இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு இது.

மாலை வகுப்பைத் தொடங்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "இவன் வாட்ச்மேன் பையன், இவள் பெருக்குகிற அம்மாவின் பெண்" என்று அறிமுகம் செய்தால், நோட்டைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் படிப்பில் பாதியை நாம் எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். பெயரும் வகுப்பும் போதும். தனி வரிசை வேண்டாம், போட்டோ எடுத்துக் குரூப்பில் போடவும் வேண்டாம்.

மூன்றாவது, "இது நமக்கான இடம்தானா?" என்ற சந்தேகம். தமிழ் மீடியத்திலிருந்து இன்ஜினியரிங் போகிற பிள்ளைக்கும், பள்ளி மாறி பிளஸ் ஒன் சேருகிற பிள்ளைக்கும் இது உண்டு. முதல் டெஸ்டில் மார்க் குறைந்தால், "எனக்கு இது ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் ஓர் அமெரிக்கக் கல்லூரியின் புது மாணவர்களிடம், மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள். "ஆரம்பத்தில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது" என்பதுதான் அதன் சாரம். ஒரு மணி நேர வேலை. 2011இல் வெளியான முடிவின்படி, கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி அடுத்த மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இதைக் கேட்டு, டியூஷனை நிறுத்திவிட்டு நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். வார்த்தை பாடம் நடத்தாது. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அமெரிக்காவின் 65 பள்ளிகளில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, முயற்சியால் அறிவு வளரும் என்பதை விளக்கினார்கள். பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண், நான்குக்குக் கணக்கிடும் அளவில் 0.1 அளவுக்கே கூடியது. சிறிய பலன்தான். ஆனால் கடினமானதை முயன்று பார்ப்பதைச் சக மாணவர்கள் மதிக்கிற பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது. பிள்ளை தனியாக மாறினால் போதாது, சுற்றி இருப்பவர்களும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் அந்தச் சுற்றம் நாம்தான். நான்கு பிளாக்கும், லிஃப்டும், விளையாடும் இடமும்தான்.

ஆகவே கமிட்டிக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, மார்க் பட்டியலைக் குரூப்பில் போட வேண்டாம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் நம் அரசே நிறுத்திவிட்டது. நாம் பிளாக் வாரியாக ரேங்க் போட வேண்டியதில்லை. விழா மேடையில், தேர்வு எழுதிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு புத்தகம் கொடுப்போம். கேடயத்துக்கு ஆகும் செலவில் அது முடியும்.

இரண்டு, மாலை வகுப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான வகுப்பாக நடத்துவோம். யார் எந்த வீடு என்ற பேச்சு ஹாலுக்குள் வேண்டாம்.

மூன்று, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் குடியிருப்பின் கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேரைச் சின்னவர்களோடு பேசச் சொல்வோம். முதல் வருடம் தடுமாறியதையும், யாரிடம் உதவி கேட்டார்கள் என்பதையும் சொல்லட்டும். சாதனைக் கதை வேண்டாம்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். ரிசல்ட் வருகிற வாரம், லிஃப்டில் எதிரே நிற்கிற பிள்ளையிடம் மார்க்கைக் கேட்காதீர்கள். "இந்த வருஷம் எந்தப் பாடம் பிடிச்சிருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்குள் உங்கள் மாடி வந்துவிட்டால், ஒரு மாடி கூடுதலாகப் போய் வாருங்கள்.