பிள்ளைகளுக்கு அரைப் பேர் வேண்டாம்

(தோட்டப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் இளைஞர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



கிழமையில் கிடைப்பது ஒரு ஞாயிறு. உடுப்புத் துவைக்க, விறகு பொறுக்க, கடைக்குப் போக அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கக் கூட்டத்தில் சம்பளம், காணி, வீடு என்று பேசாமல் பந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். இதுவும் அதோடு சேர்ந்த விஷயம்தான். காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று, கிலோ குறைந்துவிட்டது என்று அரைப் பேர் போட்டால் நமக்கு எவ்வளவு வயிறு எரிகிறது! அதற்காக எத்தனை தடவை துரையிடம் பேசியிருக்கிறோம்! அதே அரைப் பேரை நாமே நம் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம். பல பிள்ளைகளுக்கு அரைப் பேர்கூட இல்லை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 10 வயதுக்குட்பட்டோருக்கான சுற்றுப்போட்டி ஒன்று. அணிக்கு 11 பேர். பெரியவர்கள் ஆடும் அதே மைதானம், அதே கோல் கம்பம். தோற்றால் வெளியே போக வேண்டும். ஓர் அணியில் 16 பிள்ளைகள் வந்திருந்தார்கள். 11 பேர் இறங்கினார்கள், 5 பேர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். அதில் ஒரு மகன் அண்ணனுடைய சப்பாத்தைப் போட்டு, முன்னால் துணி அடைத்துக்கொண்டு வந்திருந்தான். முதல் ஆட்டம் முடிந்தது. அவனுடைய அம்மா பயிற்றுநரிடம் போய், "எம்மகன எப்ப தம்பி எறக்குவீங்க?" என்று கேட்டார். "அடுத்த மெச்சில பாப்போம் அக்கா" என்றார் அவர். அடுத்த ஆட்டத்திலும் இறக்கவில்லை. அதற்கடுத்ததில் அணி தோற்றது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த மகனின் கால் பந்தில் படவே இல்லை.

அந்தப் பயிற்றுநரை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குப் பழக்குகிற நல்ல தம்பி அவர். தோற்றால் வெளியே என்று விதி இருக்கும்போது, யாராக இருந்தாலும் உயரமான, பலமான பிள்ளையைத்தான் இறக்குவார்கள். ஆளைத் திட்டிப் பிரயோசனமில்லை. விதியை மாற்ற வேண்டும். சங்கத்தில் நாம் படித்த பாடமும் அதுதானே?

ஒரு சின்னக் கணக்கு. 11 பேர் கொண்ட இரண்டு அணிகள் ஆடினால் மைதானத்தில் 22 பிள்ளைகள், பந்து ஒன்று. ஒரு மணித்தியாலத்தைச் சமமாகப் பங்கு போட்டாலே ஒரு பிள்ளைக்கு 3 நிமிடமும் வராது. உண்மையில் சமமாகவும் பங்கு கிடைக்காது. கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேரிடமே பந்து சுற்றும். இதையே அணிக்கு 3 பேர் என்று வையுங்கள். 6 பிள்ளைகளுக்கு ஒரு பந்து. அதே ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளையின் பங்கு 10 நிமிடம். பந்தைத் தொடாமல் யாரும் பந்து பழக முடியாது. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழக முடியாது என்று சொல்வதுபோல இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் போட்டி நடத்தும்போது மறந்துவிடுகிறோம்.

அடுத்தது கோல் கம்பம். பெரியவர்களின் கோல் 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். 8 வயதுப் பிள்ளை கையைத் தூக்கிக் குதித்தாலும் மேல் கம்பத்தைத் தொட முடியாது. பந்தைத் தூக்கி அடித்தால் கோல். அப்படி கோல் வாங்கியதற்கு அந்தப் பிள்ளையைத் திட்டுகிறோம். பெரியவருக்கு அளந்த கூடையைச் சின்னப் பிள்ளையின் தலையில் மாட்டுவதுபோலத்தான் இது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. உதைபந்தாட்டத்தில் பெயர்போன நாடுகளே விதியை மாற்றியிருக்கின்றன.

இங்கிலாந்தில் 2012 மே மாதம் உதைபந்தாட்டச் சங்கம் வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானம் எடுத்தது. 7, 8 வயதுக்குட்பட்டோருக்கு அணிக்கு 5 பேர். 9, 10 வயதுக்குட்பட்டோருக்கு 7 பேர். 11, 12 வயதுக்குட்பட்டோருக்கு 9 பேர். அதற்குப் பிறகுதான் 11 பேர். கோல் கம்பமும் வயதுக்கு ஏற்ற மாதிரி சிறிதாக்கப்பட்டது. சின்ன வயதுப் பிரிவுகளில் யார் முதலாமிடம், யார் கடைசி என்று புள்ளிப் பட்டியல் போடுவதையும் நிறுத்தினார்கள்.

ஜேர்மனி நான்கு தடவை உலகக் கிண்ணம் வென்ற நாடு. அங்கே 2024-25 பருவத்திலிருந்து 11 வயதுக்குட்பட்டோருக்குப் புதிய முறை கட்டாயம். மிகச் சின்னப் பிள்ளைகள் அணிக்கு 2 பேர் அல்லது 3 பேராக ஆடுகிறார்கள். மைதானம் 30 மீற்றர் நீளம்கூட இல்லை. நாலு சின்னக் கோல், பக்கத்துக்கு இரண்டு. கோல் காப்பாளர் கிடையாது. ஒரு கோல் விழுந்தவுடன் இரண்டு அணியிலும் ஒரு பிள்ளை வெளியே வந்து, காத்திருக்கும் பிள்ளை உள்ளே போகும். யாரை இறக்குவது என்று பயிற்றுநர் யோசிக்கத் தேவையில்லை. விதியே எல்லோரையும் இறக்கிவிடுகிறது. பல சின்ன மைதானங்கள் வரிசையாக இருக்கும். வென்ற அணி ஒரு மைதானம் மேலே போகும், தோற்ற அணி ஒன்று கீழே வரும். இரண்டு மூன்று ஆட்டத்துக்குள் ஒவ்வொரு அணியும் தனக்குச் சமமான அணியோடு வந்து நிற்கும். பத்துக்குப் பூச்சியம் என்று அடி வாங்கி அழுகிற பிள்ளை இல்லை.

அங்கேயும் எதிர்ப்பு வந்தது. அப்போது டோர்ட்முண்ட் கழகத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் யோக்கிம் வாட்ஸ்கே போன்ற பெரிய மனிதர்களே, தோல்வியைத் தெரியாமல் வளரும் பிள்ளை வெற்றியையும் கற்காது என்ற கருத்தில் பகிரங்கமாகப் பேசினார்கள். இங்கேயும் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த முறையில் ஒரு பிள்ளை ஒரு காலை நேரத்தில் ஆறு ஏழு ஆட்டம் ஆடும். சிலதில் வெல்லும், சிலதில் தோற்கும். தோற்றாலும் அடுத்த ஆட்டம் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்த மகன் அன்று என்ன கற்றான்? வெற்றியையும் கற்கவில்லை, தோல்வியையும் கற்கவில்லை. தான் வேண்டாத ஆள் என்பதைத்தான் கற்றுக்கொண்டான்.

சின்ன வயதில் கிண்ணத்துக்காக ஆடாவிட்டால் பெரிய ஆட்டக்காரர் வரமாட்டார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு நோர்வேயைக் காட்டுகிறேன். அங்கே 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் உண்டு. 11 வயது வரும்வரை புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. அந்த நாட்டின் பிரினே என்ற சிறு நகரில் வளர்ந்தவர்தான் இன்று உலகம் அறிந்த ஏர்லிங் ஹாலண்ட். ஏறத்தாழ 40 பிள்ளைகள் கொண்ட குழுவில், கெட்டிக்காரர் வேறு, மற்றவர் வேறு என்று பிரிக்காமல் எல்லோரும் ஒன்றாகப் பழகினார்கள். ஹாலண்ட் அப்போது உயரமான பிள்ளை அல்ல. பதின்ம வயதின் நடுவில்தான் சட்டென்று வளர்ந்தார். 10 வயதில் உயரம் பார்த்துத் தெரிவு செய்திருந்தால் அவரும் கோட்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பார்.

சகோதர சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நம் விஷயம் வருகிறது. 2016 ஆம் ஆண்டின் சனத்தொகை சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 வீதம். அதாவது மூன்று பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று. அந்தப் பிள்ளைகள் இன்று நம் பாடசாலைகளில் படிக்கிறார்கள். போஷாக்குக்காக நாம் போராட வேண்டும், போராடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வரும்போது, "நீ சின்னவன், ஓரமாக இரு" என்று நாமே சொன்னால் அது இரண்டாவது தண்டனை. ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் ஒரே வயதுப் பிரிவில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம் இருக்கிறது. அதையும் நாம் பார்ப்பதில்லை. தவறணையிலிருந்து கொண்டுவந்து நட்ட கன்றில் அந்த வருஷமே கொழுந்து எதிர்பார்க்கிறோமா? பிள்ளையிடம் மட்டும் ஏன் அவசரப்படுகிறோம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நமக்குப் பெரிய மைதானம் இல்லை என்று காலாகாலமாகக் குறைப்படுகிறோம். அந்தக் கோரிக்கையை விடக்கூடாது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய மைதானம் தேவையே இல்லை. பெரட்டுக் களம் போதும், கொழுந்து மடுவத்துக்கு முன்னால் உள்ள தட்டையான இடம் போதும், கோயில் முற்றம் போதும். பந்து கானுக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் உருளாமல் கீழ்ப்பக்கம் ஒரு பழைய வலையைக் கட்டிவிட்டால் சரி.

ஆகவே அடுத்த பொங்கல் விளையாட்டுப் போட்டியிலிருந்து நாம் செய்ய வேண்டியதாக நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலாவது, 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அணிக்கு 3 பேர் அல்லது 5 பேர் மட்டும். மூங்கில் குச்சி நட்டு நாலு சின்னக் கோல். 24 பிள்ளைகள் வந்தால் நாலு சின்ன மைதானம், நாலு பந்து. யாரும் உட்காரத் தேவையில்லை. பந்தும் சின்னதாக இருக்கட்டும்: சின்னவர்களுக்கு 3 ஆம் இலக்கம், கொஞ்சம் பெரியவர்களுக்கு 4 ஆம் இலக்கம்.

இரண்டாவது, தோற்றால் வெளியே என்ற முறை வேண்டாம். வந்த எல்லோரும் கடைசி வரை ஆட வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மைதானம் மாறினால் போதும்.

மூன்றாவது, பெரிய கிண்ணம் வாங்கும் காசுக்குப் பந்து வாங்குவோம். கிண்ணம் ஒரு வீட்டு அலுமாரியில் இருக்கும். பந்து எல்லாப் பிள்ளைகளின் காலிலும் இருக்கும்.

நான்காவது, பெண் பிள்ளைகளையும் சேர்த்து இறக்குங்கள். இந்த வயதில் பிரிக்கக் காரணமே இல்லை.

ஐந்தாவது பெற்றோருக்கு. கோட்டுக்கு வெளியே நின்று "அடி, ஓடு, அவனுக்குக் குடு" என்று கத்தாதீர்கள். நாள் முழுக்க கங்காணி பின்னால் நின்று கத்தினால் நமக்கு வேலை ஓடுமா? கைதட்டுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் "எத்தனை கோல்?" என்று கேட்காமல், "இன்றைக்கு நல்லா விளையாடினியா?" என்று கேளுங்கள்.

13, 14 வயதுக்குப் பிறகு லீக், கிண்ணம், சாம்பியன் எல்லாம் வரட்டும். யாரும் தடுக்கவில்லை. அப்போது நம்மிடம் பந்து பழகிய 11 பேர் அல்ல, 40 பேர் இருப்பார்கள். அந்த 40 பேரில் யார் பெரிய ஆட்டக்காரராக வருவார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதால்தான் எல்லோரையும் இறக்க வேண்டும்.

மைதானத்துக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுப் பேர் போடுவோம். துணி அடைத்த சப்பாத்தோடு அந்த மகன் திரும்பவும் வந்தால், முதல் ஆட்டத்திலேயே அவனை இறக்குவோம்.