தமிழ் ஒண்ணுதான், நாடு வேற

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறதைப் பற்றிச் சொல்லுங்கன்னு சில குழுக்கள் கேட்டிருந்தீங்க. வேற நாட்டில் போய் அன்றாடம் வாழறது எப்படின்னு தெரிஞ்சுக்க நாம துபாய் வரைக்கும் போக வேண்டாம். நம்ம கும்மிடிப்பூண்டியிலேயே அப்படி வந்து முப்பது வருஷத்துக்கு மேலா வாழ்கிற பெண்கள் இருக்காங்க. இலங்கைத் தமிழர் முகாமைத்தான் சொல்றோம்.

1983 கலவரத்துக்குப் பிறகும், 1990இல் போர் மறுபடி தொடங்கியபோதும் ஆயிரக்கணக்கானவர்கள் படகேறி ராமேசுவரம் பக்கம் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிவு செய்து, பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நம்ம பக்கம் கும்மிடிப்பூண்டி, புழல் முகாம்கள் அப்படி உண்டானவை.

"அவங்களும் தமிழ்தானே பேசறாங்க, என்ன கஷ்டம்?" என்று நம்ம ஆளுங்க கேட்பாங்க. பாஷையே தெரியாத ஒருத்தர் வந்தால் கை ஜாடை காட்டியாவது பொறுமையா சொல்வோம். தமிழ் பேசறவங்க கிட்ட அந்தப் பொறுமை நமக்கு வர்றதில்லை.

குழந்தைக்குச் சளி பிடிச்சால் அங்கே "தடிமன்" என்பாங்க. ஆஸ்பத்திரியில் போய் "பிள்ளைக்குத் தடிமன்" என்று சொன்னால் நர்சம்மாவுக்கு என்ன புரியும்? பள்ளிக்கூடப் பரீட்சைக்கு அங்கே "சோதனை" என்று பேர். "கெதியா வா" என்றால் சீக்கிரம் வா. "எனக்கு விளங்கேல்லை" என்றால் எனக்குப் புரியலை, அவ்வளவுதான். நம்ம ஊரில் விளங்காதுன்னு சொன்னால் அது சாபம்! பெண் பிள்ளையைப் பாசமா "பெட்டை" என்று கூப்பிடுவாங்க. அதை இங்கே தெருவில் சொன்னால் சண்டைதான் வரும். இப்படி வாயைத் திறந்தாலே யாராவது சிரிப்பாங்க என்று பயந்து, கடைக்குப் போனால் கையை நீட்டிக் காட்டியே வாங்கினவங்க உண்டு.

போதாததுக்கு இது ஆந்திரா எல்லை. உங்களிலேயே பாதிப்பேர் வீட்டில் தெலுங்குதானே? தமிழ்நாடுன்னு நம்பி வந்தவங்களுக்குச் சந்தையில் தெலுங்கும் காதில் விழுந்தது.

சாப்பாடும் அப்படித்தான். அங்கே தேங்காய் இல்லாமல் சமையல் இல்லை. புட்டு, சம்பல், சொதி எல்லாத்துக்கும் தேங்காய் வேணும். இங்கே உதவித்தொகையை எண்ணிப் பார்த்துத்தான் தேங்காய் வாங்கணும். பத்தடிக்குப் பத்தடி அறையில் அடுப்பும் படுக்கையும் ஒண்ணா இருக்கும். ஆம்பளைங்க பெயிண்டிங் வேலைக்குப் போயிட்டால் தண்ணி, ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் அம்மா தலையில்தான். அதனால் ஊர்ப் பேச்சை முதலில் கத்துக்கிட்டவங்களும் பெண்கள்தான். பல பேருக்கு அது குழாயடியில் பக்கத்து ஊர்ப் பெண்கள் கிட்ட கத்துக்கிட்டது.

வெளிநாடு போகப் போற சகோதரிகள் இதைக் கவனிங்க. அந்த நாட்டுப் பாஷையில் வலி, காய்ச்சல், தண்ணி, சம்பளம், வேண்டாம் என்ற அஞ்சு வார்த்தையையாவது இங்கேயே படிச்சுக்கிட்டுப் போங்க. பாஸ்போர்ட் நகல் ஒண்ணு வீட்டில் இருக்கட்டும்.

பேச்சும் சாப்பாடும் பழகிடும். காகிதம்தான் பழகாது. முப்பது வருஷம் ஆனாலும் முகாம்காரங்களுக்கு ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, சொந்தமா நிலம் வாங்க முடியாது. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன்னால் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவங்களுக்குப் பிறந்தது மட்டும் போதாது. 1990இல் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாவது, பன்னிரண்டாவது பாஸ் பண்ணியும் வெளிநாட்டுக்காரங்களாத்தான் கணக்கு. 2021 ஆகஸ்ட் மாதம் அகதிகள் முகாம் என்ற பேரை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது, உதவித்தொகையையும் கூட்டியது. நல்லதுதான். ஆனால் பேர் மாறினதால் குடியுரிமை வந்துடலை.

2009இல் போர் முடிந்த பிறகு சில குடும்பங்கள் திரும்பிப் போயிருக்காங்க. பெத்தவங்களுக்கு அது சொந்த ஊர். கும்மிடிப்பூண்டியில் வளர்ந்த பிள்ளைக்கு அதுதான் வெளிநாடு. அங்கே இதன் பேச்சு இந்தியப் பேச்சு, சில ஆபீஸுக்குப் போனால் சிங்களமும் வேண்டியிருக்கும். போறதுக்கு முன்னால் பிறப்புச் சான்றிதழை எடுத்து, சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிஞ்சு வச்சுக்கணும். முகாம் குழுக்காரங்க இதைத் தள்ளிப் போடாதீங்க.

முகாம் குழுவிலிருந்து ரெண்டு அக்கா வந்திருக்காங்க. அவங்க பாஷையில் தேத்தண்ணி, நம்ம பாஷையில் டீ, குடிச்சிட்டு வாங்க, மீதியை அவங்களே சொல்லுவாங்க.