வரி கட்டாதவர் யார்?



“கூலிக்காரர் வரி கட்டுவதில்லை” என்று சிலர் சொல்வார்கள். இது உண்மையா?

வரியில் முக்கியமானவை இரண்டு. ஒன்று வருமான வரி. இது சம்பாதிக்கும் பணத்துக்கு உரிய வரி. மற்றொன்று பொருளின் விலையோடு சேர்ந்து வரும் வரி. 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு இதன் பெயர் ஜி.எஸ்.டி.

ஒரு கணக்குப் போடுவோம். செல்போனுக்கு வரி 100 ரூபாய்க்கு 18 ரூபாய். போனின் அசல் விலை 10,000 ரூபாய் என்றால் வரி 1,800 ரூபாய். மாதம் 10,000 ரூபாய் சம்பாதிக்கும் தொழிலாளியும் 1,800 கொடுக்கிறார். மாதம் 1,00,000 ரூபாய் வாங்கும் அதிகாரியும் அதே 1,800 கொடுக்கிறார். தொழிலாளிக்கு அது ஐந்து நாள் கூலி. அதிகாரிக்கு அரை நாள் சம்பளம். வரி ஒன்று, சுமை வேறு.

சரி, வருமான வரியை எல்லோருக்கும் நூற்றுக்குப் பத்து என்று ஒரே அளவாக வைத்தால்? தொழிலாளிக்கு 1,000. அதிகாரிக்கு 10,000. இருவருக்கும் மூன்று நாள் வருமானம். சமம்தான். ஆனால் தொழிலாளிக்கு அது அரிசிப் பணம். ஆகவே இந்தியாவில் குறைந்த வருமானத்துக்கு வருமான வரி இல்லை. வருமானம் ஏற ஏற வரி வீதமும் ஏறும்.

பொருள் வரியிலும் ஒரு நன்மை உண்டு. வருமானத்தை மறைப்பவரும் கடையில் வரி கொடுக்கிறார். ஏழையின் சுமை குறைய, உப்புக்கும் பொட்டலமிடாமல் அளந்து விற்கும் அரிசிக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

ஆக, சோப்பு வாங்கும் ஒவ்வொருவரும் வரி கட்டுகிறார். பள்ளியும் சாலையும் கேட்பது அவர் உரிமை. கடையில் பில் கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வரி எவ்வளவு என்று பாருங்கள்.