வீணைக்கு வண்ணம் எங்கே?



ஈப்போவிலும் பழைய தோட்டப்புறங்களிலும் உள்ள ஆலயங்களுக்கு வீணை உபயம் செய்பவர்கள், அதைப் பொன்வண்ணத்தில் பொலிவாகத் தர விரும்புவது இயல்பே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை, பலா மரத்தில் செய்யப்படுவது. குடத்தின் மேற்பலகை அதிர்வதால்தான் அதன் நாதம் பெருகுகிறது. அப்பலகையில் தடித்த வண்ணம் ஏறினால் அதிர்வு குறையும்; நாதம் மங்கும். அங்கே மெல்லிய மெருகு போதும். சிவப்பும் பச்சையும் பொன்னும் யாளி முகத்துக்கு இருக்கட்டும். ஓரங்களில் பூவேலை செய்யலாம். முன்னாளில் அதைத் தந்தத்தில் இழைத்தார்கள். பன்னாட்டுத் தந்த வணிகத்தைத் தடுக்க 1989இல் முடிவானது. இன்று பிளாஸ்டிக் தகடே போதுமானது.

உபயதாரர் பெயரை வீணைப் பெட்டியில் எழுதுங்கள், குடத்தில் வேண்டாம். நம் பிள்ளைகள் மீட்டும்போது எழும் இனிய நாதமே உங்கள் உபயத்துக்குப் பெருமை.