வேலிக்கு அந்தப் பக்கம் சாயும் மரம்



புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. திருமலைராயன்பட்டினத்தில் வீடு சந்திக்கச் செல்லும்போது இந்நாட்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "சாமி, இந்த மரத்தை வெட்டிடலாமா, விட்டுடலாமா?" என்பதுதான்.

கேட்பவர்களின் அச்சம் வீணானதன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்ததை யார் மறப்பார்? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நம் காரைக்கால் பகுதியிலும் மரங்களும் மின்கம்பங்களும் விழுந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பலா மரங்களுக்குச் செய்ததையும் நாம் அறிவோம்.

மரம் விழுந்து ஓர் உயிர் போய்விட்டால், "என்ன பாவம் செய்தார்களோ!" என்று ஊரில் ஒரு பேச்சு எழுகிறது. இதே பேச்சு எருசலேமிலும் இருந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என எண்ண வேண்டாம் என்று ஆண்டவர் தெளிவாகச் சொன்னதை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இழவு வீட்டில் துக்கம் கேட்கப் போகிறவர்கள் அந்தப் பேச்சை வாசலிலேயே விட்டுச் செல்வது நல்லது.

இன்னொரு பேச்சும் உண்டு: "கடவுள் பார்த்துக்கொள்வார்." நல்ல சொல்தான். ஆனால் பட்டுப்போன கிளையைக் கூரைமேல் தொங்கவிட்டபடி அதைச் சொல்லலாமா? கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகைக்கு இயேசு அளித்த பதிலை நினைத்துப் பாருங்கள். புதுவீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்ட நூல். அக்காலத்தில் மாடி, நமக்கு முற்றத்து மரம்.

நம் மரத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம். புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? அடியில் மண் வெடித்திருக்கிறதா? அடிமரத்தில் காளான் பூத்திருக்கிறதா? வாய்க்கால் தோண்டியபோதோ சுவர் எழுப்பியபோதோ ஒருபக்க வேரை அறுத்துவிட்டோமா? முற்றத்திற்குச் சிமென்ட் பூசும்போது மரத்தின் கழுத்துவரை பூசுகிறோம். அதற்கும் மூச்சு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். மழையில் ஊறிய மண்ணுக்குப் பிடிமானம் குறைவு, அந்நேரம் காற்றும் சேர்ந்தால் பெரிய மரமும் நில்லாது. தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இப்போதே இறக்கிவிடுங்கள். மற்ற மரங்களில் பட்டுப்போன கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். ஒரே பக்கமாக மொட்டையடித்துவிடாதீர்கள், மரம் மறுபக்கம் இழுக்கும். மின்கம்பியைத் தொடும் கிளையில் நீங்கள் கைவைக்காதீர்கள், மின்துறைக்குச் சொல்லுங்கள். சாலையோர மரமென்றால் கொம்யூன் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள்.

பயத்தில் எல்லாவற்றையும் அடியோடு வெட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் ஆண்டவர் ஓர் அத்திமரத்தின் கதையையும் சொல்கிறார். வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். இன்னும் ஓராண்டு பொறுங்கள், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். அவர் மரத்துக்காகப் பரிந்து பேசியதோடு மண்வெட்டியையும் கையில் எடுக்கிறார். பங்குனி வெயிலில் நமக்கு நிழல் தருவதும் இதே மரங்கள்தாம்.

நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. மெத்தை வீட்டுக்காரரின் மரம் பல இடங்களில் பக்கத்துக் கூரை வீட்டின் மேல்தான் சாய்ந்து நிற்கிறது. மாங்காய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தால் நம்முடைய காய் என்கிறோம். கிளை விழுந்தால் காற்றின் குற்றம் என்கிறோம். அந்த வீட்டம்மா கேட்கத் தயங்குவார், அவர் கூலி வேலைக்கு வருவது நம் வீட்டுக்குத்தானே. அவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே ஆள்விட்டுக் கழிக்க வேண்டும், செலவும் நம்முடையதே. புயல் எச்சரிக்கை வரும் இரவில் அந்தக் குடும்பத்தை நம் கூடத்தில் படுக்கச் சொல்லலாம். நடுவில் காற்று திடீரென அடங்கினாலும் வெளியே விட்டுவிடாதீர்கள். புயலின் கண் கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும், முதற்காற்றில் ஆட்டங்கண்ட மரம் அப்போதுதான் விழும்.

கூலி கொடுக்க வசதியில்லாத முதியோர், கைம்பெண்கள் வீட்டு மரங்களை இந்த வார அன்பியக் கூட்டத்தில் கணக்கெடுங்கள். மரம் ஏறுகிறவர்கள் நம் பகுதியில் சிலரே. அவர்களிடம் இப்போதே நாள் சொல்லி வையுங்கள்.