காடியின் பிறப்பை அறிதல்



செங்கோட்டைக்கு மேற்கே, மலையின் வாயிலில் அமைந்த சிற்றூர் புளியறை. கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை அங்கே சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறிக் கேரளத்துள் புகுகிறது. எல்லைக்கு அப்பால் உரிமம் பெற்றுத் தென்னங்கள் இறக்கலாம். இப்பால் 1987 முதல் அதற்குத் தடை. அந்தக் கள்ளே மேலும் புளித்துக் காடியானால், அது சமையற் பொருள். அதனையே இந்நாளில் வினிகர் என்கிறோம்.

'தென்னங்கள் காடி' என்று எழுதிய குப்பியொன்று அச்சாவடியைக் கடந்து வருவதாக வைத்துக்கொள்வோம். எழுத்தைப் படிக்கலாம், முத்திரையைப் பார்க்கலாம். உள்ளிருப்பது மரத்தில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்பதை எங்ஙனம் அறிவது?

நாவால் அறிய இயலாது. எக்காடிக்கும் புளிப்பைத் தருவது அசிட்டிக் அமிலமே. அவ்வமிலத்தை ஆலையில் செய்து, நீரில் கலந்து, கருக்கிய சர்க்கரையால் நிறமூட்டினாலும் காடி போன்றே இருக்கும். அதனை விற்பது குற்றமன்று. நொதிக்க வைத்த காடியாயினும் செயற்கைக் காடியாயினும் நூற்றுக்கு 3.75 பங்கேனும் அமிலம் வேண்டும் என்றும், செயற்கையானதை அவ்வாறே குறிக்கவேண்டும் என்றும் இந்திய உணவுச் சட்டம் விதிக்கிறது. மலிந்ததை உயர்ந்ததன் பெயரால் விற்பதே குற்றம்.

இங்கே நமக்குச் சாட்சி சொல்வது கரியணு. கரியணுக்களில் பெரும்பாலானவை 12 எடையுள்ளவை. நூற்றுக்கு ஒன்றளவில் 13 எடையுள்ளவை. இவற்றை ஐசோடோப்புகள் என்பர். தென்னை, திராட்சை, நெல் ஆகியவை காற்றிலிருந்து கரியை ஏற்கும் முறை வேறு. கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் முறை வேறு. ஆகவே ஒரு லட்சம் கரியணுக்களை எண்ணினால், தென்னையின் சர்க்கரையில் கனத்த அணுக்கள் ஏறக்குறைய 1,077 இருக்கும். கரும்பின் சர்க்கரையில் ஏறக்குறைய 1,092. பதினைந்தே அணுக்கள்! சர்க்கரை கள்ளாகிக் கள் காடியானாலும் இந்த வேற்றுமை பெரிதும் அழிவதில்லை.

அதனைக் காண்பது எப்படி? அமிலத்தைப் பிரித்தெடுத்து எரித்துக் கரியமில வாயுவாக்குவர். அவ்வாயுவுக்கு மின்னேற்றி, காந்தத்தின் இடையே பாய்ச்சுவர். இலேசானது அதிகம் வளையும். கனத்தது குறைவாக வளையும். இரண்டையும் தனித்தனியே அளந்துவிடலாம்.

பெட்ரோலிய வழியில் வந்த அமிலத்தைக் காட்டிக்கொடுப்பது 14 எடையுள்ள கரி. இது நிலையற்றது, 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். பல கோடி ஆண்டுகள் புதைந்த எண்ணெயில் அது எஞ்சுவதில்லை. ஆனால் கரும்பாலைக் கழிவுப்பாகின் சாராயத்திலிருந்தும் அமிலம் செய்யலாம். அதில் அக்கரி உண்டு. அங்கே 13 எடையுள்ள கரியே கைகொடுக்கும்.

வஞ்சகரும் கற்றவரே. எண்ணெய் வழி அமிலத்தையும் கரும்பு வழி அமிலத்தையும் அளவறிந்து கலந்து, தென்னையின் கணக்குக்குச் சரிக்கட்டப் பார்ப்பர். அதனால் அமிலத்திலுள்ள கனத்த ஹைட்ரஜனையும் அளக்கிறார்கள். ஐரோப்பாவில் திராட்சைக் காடிக்கு மூன்றாவது சோதனையும் உண்டு. உலர்ந்த பழத்தைக் குழாய்நீரில் ஊறவைத்துச் செய்தால், அந்நீரின் பிராணவாயுவே அதனைக் கூறிவிடும். பச்சைத் திராட்சையின் நீரில் 18 எடையுள்ள பிராணவாயு மிகுதி. இம்மூன்று முறைகளும் 2013-இல் ஐரோப்பியத் தரமுறைகளாயின.

ஒன்றை மறத்தலாகாது. இச்சோதனை பிறப்பைக் கூறுமேயன்றித் தூய்மையைக் கூறாது. கந்தக அமிலம் கலந்திருப்பின் அதற்கு வேறு சோதனை வேண்டும். கருவியும் விலை மிக்கது. சாவடிதோறும் வைக்க இயலாது. ஐயமுற்ற மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதலே வழி.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். மரமேறிப் பாளை சீவுபவர் நாள்தோறும் உயிரைப் பணயம் வைக்கிறார். கள் காடியாக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆலை அமிலமோ நொடியில் நீரோடு கலந்து, அவர் பெயரைச் சூட்டிக்கொண்டு, அவர் விலையில் பாதிக்கு விற்றால், நேர்மையாளர் தொழிலை விட்டு அகல்வார். குப்பியின்மேல் எழுதிய சொல் மெய்யாக இருக்கவேண்டும் என்பதே இந்த ஆராய்ச்சியின் பயன். வாங்குவோரும் குறிப்புச் சீட்டைப் படித்து, 'செயற்கை' என்ற சொல் உண்டா என்று பார்த்து வாங்குவாராயின், பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடும்.