பரணில் கிடக்கும் படங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினீயருக்கு சினிமாவில் என்னப்பா வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். யாரோ, எப்போதோ எடுத்துப் போட்ட படத்துண்டுகளைத் தேடிச் சேர்த்துக் குறும்படம் செய்வதைப் பற்றித்தான் பேச வந்தேன். இதற்குக் கேமராகூட வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.

இதில் நமக்கு முன்னோடி கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியடிகளைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. நடந்து முடிந்ததைத் திரும்பப் படம்பிடிக்க முடியுமா? அதனால், பல நாட்டுக் கேமராக்காரர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்ததைத் தேடி உலகம் சுற்றினார். 50,000 அடி பிலிம் சேர்ந்தது. அதில் 12,000 அடியைத் தொகுத்து, 1940 ஆகஸ்டில் தமிழ்ப் படமாக வெளியிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேசும்பட வேகத்தில் 35 மி.மீ. பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அப்படியென்றால் சேர்த்தது ஒன்பது மணி நேரத்துக்கு மேல். காட்டியது சுமார் இரண்டேகால் மணி நேரம். நாலு அடி தேடினால் ஓர் அடிதான் தேறும், தம்பி!

இன்னொன்று. ஊமைப்படக் காலத்தில் வினாடிக்கு 16, 18 பிரேம் என்று எடுத்தார்கள். அதை 24 பிரேமில் ஓட்டினால் எல்லாரும் குடுகுடுவென்று ஓடுவார்கள், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வேகத்தைச் சரிசெய்தால் மனுஷன் மனுஷனாகத் தெரிவான். அதுபோல, ஓர் ஊர்க் கூட்டத்தை இன்னோர் ஊர்க் கூட்டமென்று ஒட்டிவிடவும் கூடாது. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் வெட்டாதீர்கள். நம் நாட்டில் படத்தின் காப்புரிமை வெளியான மறு ஆண்டிலிருந்து 60 வருஷம். அதற்குட்பட்டதென்றால் அனுமதி கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு பாடுபட்டாரே, அந்தத் தமிழ்ப் படத்தின் முழுப் பிரதி இன்று நம் கையில் இல்லை. 1953-இல் அமெரிக்காவில் சுருக்கிச் செய்த ஆங்கில வடிவம்தான், வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில் கிடைத்தது. தேடிச் சேர்ப்பது பாதி வேலை. பாதுகாப்பது மீதி வேலை.

எங்கள் குருவிகுளம் பக்கம் எத்தனையோ வீட்டுப் பரணில் வீடியோ கேசட் கிடக்கிறது. கல்யாணம், கோயில் கொடை, சங்கரன்கோவில் ஆடித்தபசு, நம்ம கல்லூரி விழா எல்லாம் அதில் இருக்கிறது. மாப்பிள்ளையை விடுங்கள், அவருக்குப் பின்னால் பாருங்கள்: ஓட்டு வீடு, மாட்டு வண்டி, பருத்தி மூட்டை, இன்று நம்மோடு இல்லாத ஆச்சி. அந்த டேப்பில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டும் வி.சி.ஆர். தயாரிப்பையும் ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-இலேயே நிறுத்திவிட்டது. பழுதானால் ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அண்ணன்மார், அக்காமார் ஆளுக்கொரு கேசட் கொண்டுவாருங்கள். தம்பி தங்கைகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்று பிரதி எடுத்து, மூன்று இடத்தில் வையுங்கள். கேசட்டை உரியவரிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள். அதிலிருந்து ஐந்து நிமிஷப் படம் ஒன்று செய்யுங்கள். அடுத்த சந்திப்பில் இதே மேடையில் பார்ப்போம்.